அலர்ஜிக்கு நீண்டகால ஊசி: தவறுகள் எங்கே நேர்கின்றன?

"அலர்ஜிக்கு ஊசி போட்டேன், பத்து நாள் நன்றாக இருந்தது, மறுபடியும் தும்மல் வந்துவிட்டது" என்று சொல்பவரிடம் என்ன ஊசி என்று கேட்டால், பெரும்பாலும் விடை கிடைக்காது. அது ஏவில் போன்ற அலர்ஜி மருந்தாகவோ ஸ்டீராய்டாகவோ இருந்திருக்கும். அந்த நேரத்துத் தொல்லையை அடக்குவதற்கு மேல் அவற்றுக்கு வேலை இல்லை. ஸ்டீராய்டு ஊசியை மாதாமாதம் போட்டுக்கொள்பவர்கள் சர்க்கரை ஏறுவதையும் எலும்பு தேய்வதையும் கூடவே வாங்கிக்கொள்கிறார்கள். இம்யூனோதெரபி எனப்படும் சிகிச்சை வேறு வகை. 1911இல் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் லெனார்ட் நூன் என்பவர், புல் மகரந்தத்தால் அவதிப்பட்டவர்களுக்கு அதே மகரந்தத்தின் சாற்றை மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி ஊசியாகச் செலுத்திப் பார்த்தார். அடிப்படை இன்றும் அதுதான்: குப்பியில் இருப்பது நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாத அதே பொருள், அதை உடம்புக்கு மெல்ல மெல்லப் பழக்குகிறோம். இதை மறந்துவிட்டு மற்ற மருந்துகளைப் போலவே இதையும் நடத்துவதால்தான் ஏறக்குறைய எல்லாத் தவறுகளும் நேர்கின்றன.

ஒத்துக்கொள்ளாத பொருள் எது என்பதைச் சரியாகக் கண்டுபிடிக்காவிட்டால், மூன்று வருடம் ஊசி போட்டும் பயன் இருக்காது. தோல் பரிசோதனையில் முன்கையில் சந்தேகப்படும் பொருள்களின் சாற்றை வரிசையாகச் சொட்டுகளாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் நுனி ஊசியால் லேசாகக் குத்தி, பதினைந்து இருபது நிமிடம் கழித்துத் தடிப்பை அளக்கிறார்கள். அந்த வரிசையில், ஒவ்வாமையின்போது உடம்பே வெளியிட்டுத் தடிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளின் சொட்டு ஒன்றும் வெறும் உப்புநீர்ச் சொட்டு ஒன்றும் இருக்கும். முதலாவது எல்லோருக்கும் தடிக்க வேண்டும். இரண்டாவது யாருக்கும் தடிக்கக் கூடாது. முந்தின நாள் செட்டிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரை சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கு ஹிஸ்டமினே தடிக்காமல் போகலாம், அப்படியானால் அந்தப் பரிசோதனை முழுவதும் வீண். இத்தகைய மாத்திரைகளை ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே, மருத்துவரிடம் கேட்டு, நிறுத்த வேண்டும். ஆஸ்துமாவுக்கான இன்ஹேலரை இதற்காக நிறுத்தத் தேவையில்லை.

தடித்த பொருள்கள் எல்லாம் நோய்க்குக் காரணம் என்று எண்ணுவது இதைவிடப் பெரிய தவறு. தடிப்பு, உடம்பு அந்தப் பொருளை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. ஒருவருக்குப் பார்த்தீனியம் மகரந்தத்துக்கும் தூசிப் பூச்சிக்கும் தடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருடம் முழுவதும் காலையில் படுக்கையை விட்டு எழும்போதே அடுக்கடுக்காகத் தும்மல் வருகிறது, போர்வையை உதறினால் மூக்கு ஒழுகுகிறது, பார்த்தீனியம் மண்டிக்கிடக்கும் தரிசு வழியாக நடந்து போனால் ஒன்றும் ஆவதில்லை என்றால், குப்பியில் சேர வேண்டியது எது என்பதை அவர் கதையே சொல்லிவிடுகிறது. இரத்தத்தில் உணவுப் பொருள்களுக்கான ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவைப் பார்த்துவிட்டு நீளமான விலக்குப் பட்டியல் தரும் பரிசோதனைகளுக்குச் செலவழிப்பது என் பார்வையில் சுத்த வீண். அவை ஒவ்வாமையைக் காட்டுபவையே அல்ல. நீளமான பட்டியலைக் கண்டு எல்லாவற்றையும் ஒரே குப்பியில் கலப்பதும் கெடுதல்தான், ஏனெனில் ஒவ்வொன்றின் அளவும் பயன் தரும் நிலைக்குக் கீழே போய்விடுகிறது. பூஞ்சை, கரப்பான் பூச்சி ஆகியவற்றின் சாற்றில் உள்ள நொதிகள் மகரந்தப் புரதங்களைச் சிதைத்தும் விடுகின்றன.

ஆபத்தான தவறுகள் ஊசி போடும் நாளில் நடப்பவை. 1957 முதல் இந்த ஊசிகளால் 26 பேர் இறந்ததாகப் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1986இல் அறிவித்தது. நோய் விவரம் தெரிந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஆஸ்துமா உள்ளவர்கள். முறையாகச் செய்தால் இத்தகைய மரணம் மிக மிக அரிது, ஆனால் அந்த முறை என்பது, ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவருக்குச் சிகிச்சையைத் தொடங்கக் கூடாது, இரவு வீசிங் வந்து தூங்காதவருக்கு மறுநாள் ஊசி போடக் கூடாது என்பதையும் சேர்த்ததுதான். "நேற்று கொஞ்சம் இழுப்பு இருந்தது, இப்போது பரவாயில்லை" என்பதை ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுவதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் தீவிர எதிர்விளைவில் உயிர் காக்கும் அட்ரினலினின் வேலையை அது தடுக்கக்கூடும்.

ஊசி போட்டதும் "வண்டியைத் தெருவில் நிறுத்தியிருக்கிறேன், ஒன்றும் செய்யவில்லை, கிளம்பட்டுமா?" என்று கேட்காதவர்கள் குறைவு. கடுமையான எதிர்விளைவுகளில் பெரும்பாலானவை முதல் முப்பது நிமிடத்துக்குள் வருபவை. உள்ளங்கை அரிப்பது, தொண்டை அடைப்பது, காரணமில்லாத பதற்றம் ஆகியவை அதன் தொடக்கமாக இருக்கலாம். அந்த நேரத்தில் தொடையில் அட்ரினலின் போட ஆள் இருக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், போக்குவரத்து நெரிசலில் அல்ல. இதே காரணத்தால், குப்பியை வீட்டுக்கு வாங்கி வந்து பக்கத்து வீட்டு நர்ஸிடம் போட்டுக்கொள்ளும் சிக்கனத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஊசி போட்ட ஓரிரு மணி நேரத்துக்கு ஓட்டமும் ஜிம்மும் வேண்டாம்.

தொடக்கத்தில் வாரம் ஒன்றோ இரண்டோ ஊசி, சில மாதங்களில் முழு அளவை எட்டியபின் ஏறக்குறைய மாதம் ஒன்று என்பது வழக்கம். இரண்டு மாதம் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியவர் விட்ட இடத்திலிருந்தே தொடர முடியாது. அளவைக் குறைத்துத்தான் மறுபடி ஏற்ற வேண்டும். தேதி, எந்தக் குப்பி, எத்தனை மில்லி, எந்தக் கை, எவ்வளவு வீங்கியது என்று குறித்துவைக்கும் நோட்டு ஒவ்வொரு முறையும் கையில் இருக்க வேண்டும், ஏனெனில் வேறு அடர்த்தி கொண்ட குப்பியிலிருந்து தவறாக எடுத்துவிடுவதே விபத்துகளுக்கு ஒரு முக்கியக் காரணம். ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய சாற்றை ஃப்ரீசரில் வைத்தால் கெட்டுவிடும்.

நாக்கின் அடியில் விடும் சொட்டுகளும் மாத்திரைகளும் ஊசியைவிடப் பாதுகாப்பானவை என்பது உண்மை. ஆனாலும் முதல் வேளையை மருத்துவர் முன்னிலையில் எடுக்க வேண்டும். பல் பிடுங்கியிருந்தாலோ வாயில் புண் இருந்தாலோ ஆறும்வரை நிறுத்திவைக்க வேண்டும். தினமும் எடுக்க வேண்டியது என்பதால் இதை மறந்துவிடுபவர்களும் அதிகம்.

ஆறு மாதத்தில் குணம் தெரிந்தவுடன் விட்டுவிடுவது பரவலான தவறு. புல் மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களிடம் நடந்து 2017இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், இரண்டு வருடம் சிகிச்சை பெற்றவர்களுக்கு அந்தக் காலத்தில் நல்ல குணம் தெரிந்தும், நிறுத்திய பின் மூன்றாம் வருடத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத போலிச் சிகிச்சை பெற்றவர்களிலிருந்து அவர்கள் குறிப்பிடத்தக்க அளவு வேறுபடவில்லை. மூன்று நான்கு வருடம் பெற்றவர்களுக்கோ, நிறுத்திய பின்னும் பலன் நீடித்ததை 1999இல் வெளியான ஆய்வு காட்டியிருந்தது. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: முழு அளவில் ஒரு வருடம் போட்டும் துளி மாற்றம் இல்லையென்றால், பரிசோதனையையும் குப்பியையும் மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும், பழக்கத்துக்காகத் தொடரக் கூடாது.

கர்ப்ப காலத்தில் இதைப் புதிதாகத் தொடங்குவதில்லை. முழு அளவை எட்டியவர் அளவைக் கூட்டாமல் தொடரலாம். ஊசி தொடங்கிவிட்டது என்பதற்காக மூக்கு ஸ்பிரேயையும் இன்ஹேலரையும் தாமாக நிறுத்துவதும் தூசியைப் பொருட்படுத்தாமல் இருப்பதும் கூடாது. தலையணை உறையையும் போர்வையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் அலசுங்கள். வெயிலில் மட்டும் காயவைத்தால் பூச்சி சாகலாம், ஆனால் தும்மலைத் தூண்டும் அதன் கழிவு துணியிலேயே தங்கிவிடும்.