வெயில் படும் வீட்டுக் குளத்தில் பாசி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் பின்வளவில் சிறு குளம் வைத்திருப்பவர்களில் பலர், நீர் பச்சையானதும் முழுவதையும் இறைத்துவிட்டு, சுவரைத் தேய்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீரால் நிரப்புகின்றனர். செய்யக்கூடிய தவறுகளில் இதுவே மிகப் பெரியது. மீன்கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும் பற்றீரியாக்கள் கல்லிலும் சுவரிலும் வடிகட்டியின் பஞ்சிலுமே வாழ்கின்றன. கழுவும்போது அவற்றிற் பெரும்பகுதி போய்விடும். எஞ்சியவற்றைக் குழாய்நீரின் குளோரின் அழிக்கும். அதன்பின் தேங்கும் அமோனியாவை மிதக்கும் நுண்பாசி உறிஞ்சிக்கொள்வதால், குளம் முன்னிலும் விரைவாகப் பச்சையாகும். நீரை மாற்றியே தீரவேண்டுமெனில், திறந்த பாத்திரத்தில் ஓரிரு நாள் வைத்த தண்ணீரைக்கொண்டு ஐந்திலொரு பங்கை மாற்றி, பஞ்சைக் குளத்து நீரிலேயே அலசினால் போதும்.

செப்பு சல்பேற்றைக் கரைத்து ஊற்றுவது இன்னும் ஆபத்தானது. செம்பு மீனுக்கும் நத்தைக்கும் நஞ்சு என்பது ஒருபுறமிருக்க, ஒரே நேரத்தில் மடியும் பாசி அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசனையும் தீர்த்துவிடுகிறது. சூடான நீரில் ஒட்சிசன் இயல்பாகவே குறைவாகத்தான் கரையும். இரவில் பாசியும் செடிகளும் அதைச் செலவிடுவதால், விடியற்காலையில் மீன்கள் மேற்பரப்பில் வாய் திறந்து தவிக்கும். மின்கட்டணத்துக்கு அஞ்சி இரவில் பம்பியை நிறுத்துவதும் இதே காரணத்தாற் கூடாது.

குளிர்காலத்தில் பாசி தானாக அடங்கிவிடும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட ஐரோப்பியக் குறிப்புகளை அப்படியே பின்பற்றுவதிற் பயனில்லை. ஏறத்தாழ 7 பாகை வட அகலக்கோட்டிலுள்ள கொழும்பில் ஆண்டு முழுவதும் பகல் சுமார் 12 மணித்தியாலம். பாசிக்கு ஓய்வுகாலமே கிடையாது. ஆகவே நீர்ப்பரப்பிற் பாதிக்குச் சற்று மேலாக அல்லி இலைகளால் மூடிவைப்பதே நிலையான வழி. ஆனால் அல்லித் தொட்டியில் மாட்டெருவையோ கூட்டெருவையோ இட்டால் சத்து நீரிற் கசிந்து பாசிக்கே போய்ச்சேரும். களிமண் கலந்த சாதாரண மண்ணை இட்டு, மேலே சரளைக்கல் பரப்ப வேண்டும். நிழலுக்காக ஆற்றுவாழையைக் கொண்டுவருவதும் வேண்டாம். அதன் பரவலைத் தடுக்க இலங்கையில் 1909ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது.

நிழல் இருந்தும் சத்து வந்துகொண்டே இருந்தால் பச்சை நீங்காது. கழிவுநீர் கலக்கும் கொழும்புப் பேரை வாவியைப் பார்த்தாலே இது விளங்கும். வீட்டுக் குளத்தில் அந்தச் சத்து பெரும்பாலும் மீனுணவிலிருந்து வருகிறது. சில நிமிடங்களில் மீன்கள் தின்று முடிக்காத உணவு அத்தனையும் பாசிக்கு இட்ட உரமே. குளத்தின் விளிம்பு நிலமட்டத்திலேயே இருந்தால், ஐப்பசி மழையில் புற்றரைக்கு இட்ட உரமும் கரைந்து உள்ளே வரும். விளிம்பைச் சில அங்குலம் உயர்த்திக் கட்டுவது நல்லது.

புறஊதா விளக்கு மிதக்கும் நுண்பாசியை மட்டுமே கட்டுப்படுத்தும். கல்லில் ஒட்டிய இழைப்பாசி, நீர் கடந்துசெல்லும் அவ்விளக்கின் குழாய்க்குள் போவதேயில்லை. அதைத் தடியொன்றிற் சுற்றிக் கையால்தான் எடுக்க வேண்டும். எடுத்ததைக் கரையிலேயே குவித்துவிடாமல், மழைநீர் மீண்டும் குளத்துக்கு அடித்துவராத தூரத்தில் வாழையடியிற் போடலாம்.