லினக்ஸில் ரிவர்ஸ் இன்ஜினியரிங் கருவிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூலக்குறியீடு இல்லாத புரோகிராமைப் பிரித்துப் பார்க்க உதவும் கீட்ரா திறக்க மறுக்கிறதா? முதலில் ஜாவாவைப் பாருங்கள். ஜாவா புரோகிராமை ஓட்ட மட்டும் உதவும் ஜேஆர்இ இருந்தால் போதாது, நிரல் எழுதும் கருவிகளும் சேர்ந்த முழு ஜேடிகே வேண்டும். கீட்ரா 11.2 பதிப்பிலிருந்து ஜேடிகே 21 கேட்கிறது. டெபியன், உபுண்டுவில் 'ஹெட்லெஸ்' என்று முடியும் பேக்கேஜைப் போட்டுவிட்டால் பதிப்பு எண் சரியாக இருக்கும், ஆனால் கீட்ராவின் திரை வராது. புதிய கீட்ராவைப் பழைய ஃபோல்டரின் மேலேயே விரித்துவிடாதீர்கள். தனி ஃபோல்டர் கொடுங்கள்.

இன்னொரு ஆய்வுக் கருவியான ராடாரே2-வை உங்கள் டிஸ்ட்ரோவின் (லினக்ஸ் வகையின்) களஞ்சியத்திலிருந்து ஒருமுறை, மூலக்குறியீடு இருக்கும் கிட்டிலிருந்து ஒருமுறை என்று இரண்டு தடவை நிறுவுவது அடுத்த தவறு. இரண்டில் எது ஓடுகிறது என்றே தெரியாது. பிளக்இன்களும் பதிப்பு பொருந்தாமல் ஏறாது. ஒன்றை நீக்கிவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளுங்கள். பைத்தான் நூலகங்களுக்கு எப்போதும் தனி வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (சிஸ்டத்தின் பைத்தானைத் தொடாத தனி இடம்). டெபியன் 12, பைத்தான் நூலகங்களை நிறுவும் பிப்பைத் தடுக்கிறதென்றால் காரணத்தோடுதான் தடுக்கிறது. அதை மீறி நிறுவினால் சிஸ்டத்தின் சொந்தக் கருவிகளே உடையலாம்.

32-பிட் புரோகிராம் ஒன்றை ஓட்டுகிறீர்கள். கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, ஷெல்லோ 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்கிறது. பலர் இந்த இடத்தில் பாத்தையும் பெர்மிஷனையும் மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தைத் தொலைக்கிறார்கள். பெரும்பாலும் அங்கே இல்லாதது அந்தக் கோப்பு அல்ல, அதை நினைவகத்தில் ஏற்ற வேண்டிய 32-பிட் லோடர். டெபியன் வகையில் ஐ386 (32-பிட்) ஆர்கிடெக்சரைச் சேர்த்து, அதற்கான சி லைப்ரரியை நிறுவினால் அது வந்துவிடும்.

இதுவரை சொன்னவை நேரத்தைத்தான் தின்னும். இனி வருபவை கணினிக்கே ஆபத்து.

புரோகிராமை நிறுத்தி நிறுத்தி ஆராயும் டிபக்கரான ஜிடிபி, ஓடிக்கொண்டிருக்கும் புராசஸோடு இணைய மறுத்தால், உடனே சூடோ போட்டு, அதாவது ரூட் (நிர்வாகி) உரிமையோடு ஓட்டுவது பலருக்கும் கை வரும் பழக்கம். உபுண்டுவில் யாமா என்ற பாதுகாப்புப் பகுதியில், ஒரு புராசஸ் இன்னொன்றை ஆராயலாமா என்று தீர்மானிக்கும் பிட்ரேஸ் அமைப்பு 1 என்று இருக்கும். அதாவது, டிபக்கர் தான் தொடங்கிய புராசஸைத் தொடலாம், மற்றதைத் தொட முடியாது. ஆகவே புரோகிராமை ஜிடிபிக்குள்ளிருந்தே தொடங்குங்கள், சிக்கல் தீர்ந்தது. சூடோ போட்ட ஜிடிபியில் தொடங்கினால், ஆராயப்படும் புரோகிராமும் ரூட்டாகவே ஓடும்.

எல்டிடி கட்டளை இன்னும் மோசம், ஏனென்றால் பார்க்க அப்பாவியாக இருக்கும். எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்று பட்டியல் காட்டும் கட்டளைதானே என்று நினைப்போம். சில சூழல்களில் அது அந்தப் புரோகிராமையே இயக்கிவிடக்கூடும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. நம்பகமில்லாத கோப்புக்கு ரீட்எல்ஃப் அல்லது ஆப்ஜ்டம்ப் போதும். இவை கோப்பைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளும்.

மால்வேர் என்ற சந்தேகம் இருந்தால் விர்ச்சுவல் மெஷினுக்குள்தான் (கணினிக்குள் ஓடும் தனிக் கணினிக்குள்தான்) வேலை. நெட்வொர்க், பகிர்ந்த ஃபோல்டர், கிளிப்போர்டு மூன்றையும் துண்டியுங்கள். ஸ்னாப்ஷாட்டை (மெஷினின் அப்போதைய நிலையின் பதிவை), கருவிகளை நிறுவி முடித்த பிறகு, சந்தேகக் கோப்பு உள்ளே வருவதற்கு முன்பு எடுங்கள்.