குக்கர் ஆவி அடங்கும் நேரத்தில் ஒரு பத்து: வேலை மிகுந்த வீட்டில் குடும்பச் செபத்தைத் தொடங்குவது எப்படி?

காலை ஏழரைக்குப் பள்ளி வேன். எட்டே காலுக்கு ஆபீஸ் பஸ். சாயங்காலம் டியூஷன், அப்பாவுக்கு வாரத்துக்கு வாரம் மாறும் ஷிப்ட். இப்படிப்பட்ட வீடுகளில் குடும்பச் செபம் எப்படி நின்றுபோகிறது என்று பார்த்தால் கதை ஒரே மாதிரி இருக்கும். தவக்காலத்திலோ தியானம் முடிந்து வந்த உற்சாகத்திலோ தொடங்குவார்கள். முதல் நாளே ஐம்பத்து மூன்று மணி செபமாலை, மாதா மன்றாட்டு மாலை, இரண்டு பாட்டு, ஆளுக்கொரு நீண்ட மன்றாட்டு. முக்கால் மணி நேரம் ஓடிவிடும். மூன்றாம் நாள் சின்னவன் முழங்காலிலேயே தூங்கி விழுவான். அடுத்த வாரம் யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள்.

அதனால் இங்கே சொல்லும் முறை மிகச் சிறியது. தினமும் ஒரு பத்து மட்டும், அதாவது செபமாலையில் பத்து "அருள் நிறைந்த மரியே" கொண்ட ஒரு பகுதி, நான்கு நிமிடம். முதல் ஐந்து வாரத்துக்கு ஆசைப்பட்டாலும் அதற்கு மேல் போக வேண்டாம்.

1. மணியைப் பார்க்காதீர்கள், ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள்

"எட்டு மணிக்குச் செபம்" என்று வைத்தால் எட்டு மணிக்கு ஒருவர் குளித்துக்கொண்டிருப்பார், ஒருவர் வீட்டுப்பாடத்தின் நடுவில் இருப்பார். எந்த நாளும் தவறாமல் நடக்கிற ஒரு வீட்டு வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரவுக்குச் சோறு வைக்கிற வீடு என்றால் குக்கரைவிட நல்ல மணி கிடையாது. அடுப்பை அணைத்த பிறகு ஆவி அடங்கப் பத்து நிமிடம் போல ஆகும். அதுவரை மூடியைத் திறக்க முடியாது, சமைத்தவருக்கும் கை ஓய்வு. அந்த இடைவெளியில் ஒரு பத்து தாராளமாக முடியும்.

தோசை, சப்பாத்தி வீடு என்றால் தட்டு எடுத்து வைத்ததும், கல் போடுவதற்கு முன். அடுப்பில் கல் காய்ந்துகொண்டிருக்கும்போது தொடங்காதீர்கள். மனம் முழுக்க அங்கேதான் இருக்கும்.

எட்டு வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் சாப்பாட்டுக்கு முன்புதான் நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. சாப்பிட்டபின் கண் சொக்கும், அதற்குப்பின் கூப்பிட்டால் செபம் தண்டனையாகிவிடும். பெரிய பிள்ளைகள் மட்டும் இருக்கிற வீட்டில், பாத்திரம் கழுவி முடித்து பாய் விரிக்கும் முன் வைத்துக்கொள்ளலாம்.

2. இடம்

திரு இருதய ஆண்டவர் படமோ மாதா சுரூபமோ இருக்கும் இடமே போதும். டிவி இருக்கும் சுவருக்கு எதிர்ப்பக்கம் உட்காருங்கள். மெழுகுவர்த்தியைக் கண்ணாடி டம்ளருக்குள் நிறுத்துங்கள். ஃபேன் காற்றில் அணைந்து அணைந்து போனால் பிள்ளைகளின் கவனமெல்லாம் தீக்குச்சி மேல்தான் இருக்கும். ஸ்கிரீன் துணி எட்டாத தூரத்தில் வையுங்கள்.

செபமாலைகளை ஒரே டப்பாவில் போட்டால் சிக்கிக்கொண்டு, எடுக்கவே இரண்டு நிமிடம் ஆகும். சுவரில் ஆளுக்கொரு ஆணி அடித்து மாட்டிவிடுங்கள். சிறுவர்களுக்குக் கம்பியில் கோத்தது வேண்டாம், இழுத்தால் கொக்கி விரிந்துவிடும். நூலில் கோத்த மரமணியே தாங்கும்.

மணி எண்ணத் தெரியாத நாலைந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வழி இருக்கிறது. இரண்டு கிண்ணம், பத்து கொண்டைக்கடலை. ஒவ்வொரு "அருள் நிறைந்த மரியே"க்கும் ஒரு கடலையை இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். ஏழாவதில் நிமிர்ந்து, "இன்னும் மூணு" என்று மெல்லச் சொல்லும். சொல்லட்டும், அதுவும் பங்கேற்புதான். மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீட்டில் மட்டும் கடலையை வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். அங்கே விரல்களே போதும்.

3. அந்த நான்கு நிமிடம்

சிலுவை அடையாளம். அன்றைய மறைபொருளை, அதாவது இயேசு, மரியாள் வாழ்வில் அந்தப் பத்தில் நினைக்கும் நிகழ்வை, ஒரே வாக்கியத்தில் அறிவிப்பது: "கன்னி மரியாள் எலிசபெத்தைச் சந்தித்தது." பத்து விநாடி மௌனம். பிறகு கர்த்தர் கற்பித்த செபம் ஒன்று, அருள் நிறைந்த மரியே பத்து, திரித்துவப் புகழ் ஒன்று, முடிவில் "ஓ என் இயேசுவே" என்ற பாத்திமா செபம். நிதானமாகச் சொன்னால் ஒரு மரியே வாழ்க சுமார் பதினைந்து விநாடி பிடிக்கும். பத்தும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தால் வேகம் அதிகம். தலைமை தாங்குபவர் சொல்லும் முதல் பாதி முடிவதற்குள் மற்றவர்கள் மறுபாதியைத் தொடங்குவதுதான் அதன் அடையாளம். தலைமை தாங்குபவர் "இயேசு" என்ற பெயரைச் சொன்னதும் ஒரு மூச்சு விட்டால் எல்லாருடைய வேகமும் தானாகக் குறையும்.

மறைபொருள்கள் ஐந்தைந்தாக நான்கு தொகுதி, ஒவ்வொன்றுக்கும் கிழமை உண்டு. திங்கள், சனி மகிழ்ச்சி, செவ்வாய், வெள்ளி துயரம், புதன், ஞாயிறு மகிமை, வியாழன் ஒளி. ஒரு நாளைக்கு ஒரு பத்து மட்டும் சொல்கிறவர்கள், முதல் வாரம் ஒவ்வொரு கிழமைக்கும் உரிய முதல் மறைபொருளை எடுக்கட்டும். இரண்டாம் வாரம் இரண்டாவது. ஐந்து வாரத்தில் இருபதும் முடிந்துவிடும்; நற்செய்தி முழுவதையும் குடும்பம் ஒரு சுற்று சுற்றி வந்திருக்கும்.

வீட்டில் பாட்டி இருந்தால் இங்கே ஒரு குழப்பம் வரும். ஒளியின் மறைபொருள்களைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2002இல்தான் சேர்த்தார். அதற்கு முன் வியாழன் "சந்தோஷ தேவ இரகசியம்" (இன்றைய மகிழ்ச்சி), சனி மகிமை. பாட்டி அந்தக் கணக்கில்தான் இருப்பார். செப வார்த்தைகளும் அப்படியே: பிள்ளைகள் மறைக்கல்வியில் "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று படித்திருப்பார்கள், பாட்டிக்கு "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்றுதான் நாவில் வரும். இரண்டையும் சேர்ந்து சொன்னால் நடுவில் தடுக்கும். பாட்டியைத் திருத்தாதீர்கள். அறுபது வருடம் செபித்த வார்த்தை அது. முதல் பாதியை அவர் தன் முறையில் தலைமை தாங்கிச் சொல்லட்டும், மறுபாதியை மற்றவர்கள் புது முறையில் சொல்லுங்கள். மோதலே இருக்காது, பேரப்பிள்ளைகளுக்குப் பழைய செபமும் காதில் விழும்.

தலைமை அம்மாவிடமே நிரந்தரமாக நின்றுவிடக் கூடாது. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றோடு செபமும் படுத்துவிடும். கிழமைக்கு ஒருவர் என்று காலண்டரில் எழுதி வையுங்கள். ஏழு வயதுப் பிள்ளையால் ஒரு பத்தை நன்றாகவே நடத்த முடியும்.

4. மன்றாட்டு: ஆளுக்கு ஒரு வாக்கியம்

பத்து முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒருவரின் பெயரைச் சொல்லி ஒரே வாக்கியத்தில் மன்றாடலாம். இங்கே பெரியவர்கள் செய்யும் தவறு ஒன்று பல வீடுகளில் செபத்தையே கெடுத்துவிடுகிறது. "ஆண்டவரே, இவன் போன் பார்ப்பதை நிறுத்தவும், கணக்கில் கவனம் செலுத்தவும் நல்ல புத்தி கொடும்" என்று பிள்ளையை வைத்துக்கொண்டே மன்றாடுவது. பிள்ளையின் காதில் அது திட்டாகத்தான் விழும், அதுவும் ஆண்டவர் முன்னால் வைத்துத் திட்டுவதாக. பிள்ளையைப் பற்றிச் சொல்வதென்றால் நன்றி மட்டும் சொல்லுங்கள். மற்றதை இரவில் தனியாக மாதாவிடம் அழுதுகொள்ளலாம்.

5. காலையும் நண்பகலும்

காலையில் கூட்டுச் செபத்துக்கு முயற்சி செய்ய வேண்டாம். ஷூ லேஸ் கட்டும் நேரத்தில் எதுவும் ஒட்டாது. வாசல் பக்கம் ஒரு சிறு பாட்டிலில் தீர்த்தம் வையுங்கள். வெளியே இறங்கும் பிள்ளையின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைந்து, "ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பாராக" என்று சொல்லி அனுப்புங்கள். ஐந்து விநாடிதான். கோபத்தில் கத்திய காலையாக இருந்தாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

நண்பகலில் வேலையிடத்தில் இருப்பவர்கள் போனில் பன்னிரண்டுக்கு அலாரம் வைத்து மூவேளைச் செபம் சொல்லலாம். மூன்று வசனம், மூன்று மரியே வாழ்க, ஒரு முடிவுச் செபம். உதடு அசையாமலே இரண்டு நிமிடத்தில் முடியும். பாஸ்கா காலத்தில், உயிர்ப்பு ஞாயிறு முதல் பெந்தகோஸ்து வரை, இதற்குப் பதில் "விண்ணக அரசியே" என்ற செபம்.

6. ஷிப்டில் இருப்பவரைச் சேர்ப்பது

இரவு ஷிப்டில் அல்லது வெளியூரில் இருப்பவர் போனில் சேரலாம். எல்லாரும் சேர்ந்து சொன்னால் குரல் ஒரு விநாடி பிந்தி வந்து எல்லாம் குளறுபடியாகும். அவரே முதல் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்தட்டும், வீட்டில் இருப்பவர்கள் மறுபாதியைச் சொல்லி முடித்ததும் அடுத்ததைத் தொடங்கட்டும். செபப் புத்தகத்துக்குப் போனையே பயன்படுத்தும் வீடுகள் அறிவிப்பு ஒலிகளை அணைத்து வைக்க வேண்டும். பங்குக் கோயிலில் கிடைக்கும் அச்சிட்ட சிறு புத்தகம் இன்னும் நல்லது.

7. ஐந்து வாரத்துக்குப் பிறகு

முதலில் சனிக்கிழமைக்கு மட்டும் மறுநாள் திருப்பலியின் நற்செய்தியைச் சேருங்கள். திருவிவிலியத்தை ஒருவர் வாசிக்க, "உனக்கு எந்த வார்த்தை பிடித்தது?" என்று மட்டும் கேளுங்கள், விளக்கவுரை வேண்டாம். அந்தப் பிள்ளை ஞாயிறு பீடத்திலிருந்து அதே வார்த்தை வரும்போது உங்களைத் திரும்பிப் பார்க்கும்.

பிறகு வாரம் ஒரு நாள் ஐம்பத்து மூன்று மணியும். இதற்கு இருபது நிமிடமும், மன்றாட்டு மாலையோடு இருபத்தைந்தும் ஒதுக்குங்கள். குடும்பமாக ஐந்து பத்துகளையும் இடைவிடாமல் சொல்வதற்குத் திருச்சபை பரிபூரண பலன் (மன்னிக்கப்பட்ட பாவங்களுக்குரிய தண்டனையிலிருந்து முழு விடுதலை) வழங்குகிறது. ஒப்புரவு (பாவ அறிக்கை), நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்கான செபம், எந்தப் பாவத்தின் மீதும் பற்றில்லாத மனம் ஆகியவை அதற்கு நிபந்தனைகள். அக்டோபர் செபமாலை மாதத்திலும் மே மாத மாதா வணக்கத்திலும் தினமும் முழுதாகச் சொல்லிப் பாருங்கள். மாதம் முடிந்ததும் வெட்கப்படாமல் ஒரு பத்துக்கே திரும்புங்கள்.

விட்டுப்போகும் நாள் வரும். கல்யாண வீடு, காய்ச்சல், கரண்ட் போன இரவு. விட்டதை மறுநாள் சேர்த்து இரண்டு பத்தாக ஆக்காதீர்கள். கடன் சேரச் சேர அதை அடைக்க முடியாது என்று தோன்றி எல்லாவற்றையும் விட்டுவிடுவோம். அன்றைய கிழமைக்குரிய மறைபொருளை எடுங்கள், குக்கர் அடுப்பு அணைந்ததும் பிள்ளையைக் கூப்பிட்டு மெழுகுவர்த்தியைக் கையில் கொடுங்கள்.