அமோர்கோஸ் வீட்டில் ஈரச் சுவரைச் சரிசெய்தேன்

கிரேக்கத்தின் அமோர்கோஸ் தீவில், காற்று பியூஃபோர்ட் அளவுகோலில் (காற்றின் வலிமையைக் குறிப்பது) 8, 9-ஐ எட்டிக் கப்பல்கள் நின்றுவிடும் ஜனவரி நாள்களில் கல்வீட்டுக்குள் அமைதியாகப் படித்துக்கொண்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆனால் ஈரமான தென்காற்று வீசும்போதெல்லாம் படுக்கையறைச் சுவரில் பூஞ்சணம் படர்ந்து, புத்தகங்களிலும் அதன் வாடை ஏறியது. துடைத்தும் பயனில்லை. கல்லும் சுண்ணாம்புக் காரையும் உறிஞ்சிய ஈரம் வெளியேற வழிவிடாத பழைய பிளாஸ்டிக் பெயிண்டே காரணம் என்று பிறகு புரிந்தது. அதை முழுவதும் சுரண்டியெடுத்து, சுவரைப் பல நாள் உலரவிட்டேன். பின்னர் இலேசாக நீர் தெளித்து, நீர்த்த சுண்ணாம்பைப் பால்போலக் கரைத்து, ஒரு பூச்சு காய்ந்த பின் அடுத்ததாக மூன்று முறை அடித்தேன் (தீவுவாசிகள் ஈஸ்டருக்கு முன் வழக்கமாகச் செய்யும் வெள்ளையடிப்பும் இதுதான்). சுண்ணாம்பின் காரத்தன்மையில் பூஞ்சணம் எளிதில் வளராது. இரண்டு குளிர்காலங்களாக அந்தச் சுவர் வெண்மையாகவே இருக்கிறது.