‘டங்’கென்ற சிங்க்கை ‘டொக்’கென்று ஆக்குவது எப்படி?

எங்கள் வீட்டில் காலை 5 மணிக்குக் காபி டம்ளரைச் சிங்க்கில் போட்டால் தூங்குகிறவர்கள் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். குழாய் சொட்டினால் ராத்திரி முழுக்க டங், டங். இதற்காகச் சிங்க்கை மாற்ற வேண்டாம். அடியில் ஷீட் ஒட்டினால் போதும், ஒரு மணி நேர வேலை.

முதலில் ஒரு சோதனை. கரண்டிக் காம்பால் சிங்க்கின் அடித்தட்டைத் தட்டுங்கள். அப்புறம் இன்னொரு கையைக் கீழே விட்டு, உள்ளங்கையை அடிப்பக்கத்தில் அழுத்திக்கொண்டு அதே இடத்தில் தட்டுங்கள். ‘டங்’ என்றது ‘டொக்’ ஆகிவிடும். ஆடுகிற பூஜை மணியைக் கையால் பிடித்தால் அடங்குமே, அதேதான். சிங்க்கின் எவர்சில்வர் தகடு பெரும்பாலும் 1 மி.மீ. கனம்தான், எதைப் போட்டாலும் அதிரும். நாம் செய்யப்போவது அந்தக் கையை நிரந்தரமாக அங்கேயே வைப்பது.

வாங்க வேண்டியது ‘டேம்பிங் ஷீட்’. கார் கதவுக்குள் ஒட்டுவார்கள், கார் ஆக்சஸரீஸ் கடையில் கிடைக்கும். ஒரு பக்கம் அலுமினியத் தாள், மறுபக்கம் பிசுபிசுப்பான பியூட்டைல் ரப்பர். 2 மி.மீ. கனம் போதும். தார் கலந்த மலிவு ஷீட் வேண்டாம், சூட்டில் இளகி நாறும். தெர்மாகோல், ஸ்பாஞ்ச் ஒட்டுகிறவர்களும் உண்டு. எடையும் இல்லை, தகட்டைப் பிடித்து நிறுத்தவும் தெரியாது, வீண்.

இனி ஒட்டும் வேலை. சிங்க்குக்குக் கீழே இருப்பதை எல்லாம் வெளியே எடுங்கள். அடிப்பக்கத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அடுப்பு எரியாதபோது, துணியில் ஸ்பிரிட் தொட்டு இன்னொரு முறை துடையுங்கள். நான் முதல் தடவை அவசரப்பட்டு ஈரத்தின்மேலேயே ஒட்டினேன். பத்தே நாளில் ஷீட் உரிந்து குப்பைக்கூடையில் விழுந்து கிடந்தது.

ஷீட்டை ஒரு சாண் துண்டுகளாக வெட்டுங்கள். அலுமினிய ஓரம் பிளேடு மாதிரி கிழிக்கும், கையுறை அவசியம். சிங்க்கை அடைத்து, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பிவிட்டால் தகடு சூடேறி ரப்பர் நன்றாகப் பிடிக்கும். நடுவிலிருந்து ஓரத்துக்கு, காற்றுக் குமிழி இல்லாமல், கரண்டியின் முதுகால் அழுத்தித் தேயுங்கள். முழுக்க மூட வேண்டியதில்லை. அதிர்வு அதிகம் இருப்பது தட்டையான இடங்களின் நடுவில். அடித்தட்டில் பாதி, பக்கச் சுவர்களின் நடுவே ஒவ்வொரு துண்டு, அவ்வளவுதான். கழிவுக்குழாய் நட்டைச் சுற்றி இரண்டு விரல் இடம் விடுங்கள், நாளைக்குப் பிளம்பர் கழற்ற வேண்டுமே. அன்று ராத்திரி மட்டும் கொதிக்கும் வடிகஞ்சியைக் கொட்டாதீர்கள்.

இதற்கப்புறமும் கடகடவென்றால், சிங்க்கின் விளிம்பு கிரானைட்டிலிருந்து விட்டிருக்கும். இடுக்கை அடைத்திருக்கும் பழைய சிலிக்கான் பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசி, 24 மணி நேரம் தண்ணீர் படாமல் விடுங்கள்.

குக்கர் மூடி விழுந்தால் அது தன் பங்குக்குச் சத்தம் போடத்தான் செய்யும். அதற்குச் சிங்க்குக்குள் ஒரு ரப்பர் மேட். வாரம் ஒருமுறை தூக்கிக் கழுவாவிட்டால் அடியில் வழவழவென்று பாசி பிடித்துவிடும்.