மையக்கருத்து எங்கே இருக்கிறது? உரைப்பத்தியில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள்

போன வாரம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி திருத்திய விடைத்தாளோடு வந்தாள். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடியில் சாயங்காலம் நான் தமிழ் சொல்லித் தரும் பிள்ளைகளில் ஒருத்தி. உரைப்பத்தி வினாவில் ஐந்துக்கு இரண்டு. "பத்தியில இருக்கறதத்தான மிஸ் எழுதியிருக்கேன், அப்புறம் எப்படித் தப்பாகும்?" என்றாள். நியாயமான கேள்வி. அவள் எழுதிய ஒவ்வொரு சொல்லும் பத்தியில் இருந்தது. ஆனால் வினா மையக்கருத்தைக் கேட்டது. அவள் ஒரு துணைச் செய்தியை எடுத்து எழுதியிருந்தாள். இரண்டும் ஒரே பத்திக்குள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் பிரித்துப் பார்க்கப் பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

அன்றைக்கு எல்லோருக்கும் பலகையில் ஒரு பத்தி எழுதிப் போட்டேன்.

"1806 ஜூலை 10 அன்று விடியும் முன்னே வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே அவர்களிடம் கசப்பு வளர்ந்திருந்தது. நெற்றியில் சமயக் குறி இடக் கூடாது, தாடி வைக்கக் கூடாது என்று கம்பெனிப் படை உத்தரவிட்டது. தோல் சேர்த்த புதுவகைத் தலைப்பாகையையும் அணியச் சொன்னது. மறுத்தவர்களுக்குச் சவுக்கடி விழுந்தது. தங்கள் சமய வழக்கத்தில் கை வைக்கிறார்கள் என்ற எண்ணமே சிப்பாய்களை ஆயுதம் எடுக்க வைத்தது. ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றே கிளர்ச்சியை அடக்கினார்."

மையக்கருத்து என்ன என்று கேட்டேன். நாலு விதமாக விடை வந்தது. நாலும் தப்பு, ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத் தப்பு.

முதல் விடை, "வேலூர்ப் புரட்சி". இது பேசுபொருள். பத்தி எதைப் பற்றியது என்று கேட்டால் இப்படிச் சொல்லலாம். மையக்கருத்து என்பது அந்தப் பொருளைப் பற்றிப் பத்தி என்ன சொல்கிறது என்பது. பிள்ளைகளுக்கு நான் சொல்லும் அடையாளம் இலக்கணத்திலேயே இருக்கிறது: விடையில் பயனிலை இருக்கிறதா பார். "வேலூர்ப் புரட்சி" என்பதில் எழுவாய் மட்டும் நிற்கிறது, பயனிலை இல்லை. அப்படிப்பட்ட விடை தலைப்பாகலாம், மையக்கருத்தாகாது. "பொருத்தமான தலைப்பு இடுக" என்ற வினாவையும் "மையக்கருத்தை எழுதுக" என்ற வினாவையும் ஒன்றாக நினைத்து மதிப்பெண்ணை விடுகிறவர்கள் நிறையப் பேர்.

இரண்டாவது விடை, "1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர்". இதில் பயனிலை இருக்கிறது. ஆனாலும் தப்பு. முதல் வரியில்தான் மையக்கருத்து இருக்கும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த இடத்தில் எனக்குப் பிள்ளைகள் மேல் கோபம் வருவதில்லை. அந்தச் சுருக்குவழியைக் கற்றுக் கொடுக்கும் பெரியவர்கள் மேல்தான் வருத்தம். தமிழில் எழுதுகிறவர்கள் பலர் பீடிகை போட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்கள். முதல் வரி பல சமயம் வாசல்தான். தேதியும் எண்ணும் வேறு அந்த வரியில் இருந்துவிட்டால் கண் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. எண்கள் பெரும்பாலும் துணைச் செய்திகள். ஒரு கருத்துக்கு முட்டுக் கொடுக்க வருபவை.

மூன்றாவது, "தலைப்பாகை அணியச் சொன்னார்கள்". விடைத்தாளோடு வந்த பெண் சொன்னது இதுதான். "அதுனாலதான மிஸ் சண்டையே வந்துச்சு?" என்றாள். மனதில் பளிச்சென்று படம் போல நிற்கும் செய்தியை மையம் என்று எடுத்துக்கொள்வது மிக இயல்பான தப்பு. அவளை ஒவ்வொரு வாக்கியமாக விரலால் மூடச் சொன்னேன். தலைப்பாகை வரியை மூடு, மிச்சம் நிற்கிறதா? நிற்கிறது. நெற்றிக் குறியும் தாடியும் சவுக்கடியும் இருக்கின்றன, கிளர்ச்சிக்குக் காரணம் புரிகிறது. இப்போது "சமய வழக்கத்தில் கை வைக்கிறார்கள் என்ற எண்ணமே" என்ற வரியை மூடு. கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாம் தனித்தனியா கெடக்குது மிஸ்" என்றாள். அந்த வரிக்குத்தான் மற்றவை வேலை செய்கின்றன. குறி, தாடி, தலைப்பாகை, சவுக்கடி நாலும் அதன் பிள்ளைகள்.

நாலாவது விடை ஒரு பையன் சொன்னது: "1857-க்கு முன்னாடியே வேலூர்லதான் சுதந்திரப் போர் ஆரம்பிச்சது." ஜூலை 10 வந்தால் மக்கான் பக்கம் நினைவுத்தூணுக்கு மாலை போடுவதைப் பார்த்து வளர்ந்த ஊர்ப் பிள்ளை, அவன் சொல்வதில் பெருமை இருக்கிறது. ஆனால் 1857 என்ற எண்ணே பத்தியில் இல்லை. தெரிந்த விஷயத்தைப் பற்றிய பத்தி வரும்போதுதான் ஜாக்கிரதை வேண்டும். பத்தியை விட்டுவிட்டு நம் நினைவைப் படிக்க ஆரம்பித்துவிடுவோம்.

தமிழ் நமக்கு ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறது, அதை யாரும் இந்த வினாவுக்குப் பயன்படுத்துவதில்லை. "எண்ணமே" என்பதில் இருக்கும் ஏகாரம் தேற்றப்பொருள் தருவது. எழுதியவர் அந்த இடத்தில் விரலை ஊன்றிச் சொல்கிறார். "தலைப்பாகையையும்" என்பதில் இருக்கும் உம்மை எச்சப்பொருள் தருவது. முன்னால் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள் என்கிறது. உம்மை வரும் இடத்தில் பெரும்பாலும் துணைச் செய்தி, ஏகாரமோ 'தான்' என்ற சொல்லோ வரும் இடத்தில் ஒருமுறை நின்று பார். எப்போதும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன், தனிப்பொருள் இல்லாமல் வெறும் அசையாக வரும் ஏகாரமும் உண்டு. ஆனால் வெறும் கண்ணால் தேடுவதற்கு இது எவ்வளவோ மேல்.

"ஆனால்" என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடுவது இன்னொரு பெரிய தவறு. இதைப் பாருங்கள்:

"பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரம் வழியாக நம் பக்கம் வருகிறது. பாலத்தில் நின்று பார்த்தால் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். ஆனால் அந்த மணல் மழைநீரையும் வெள்ளத்தையும் உறிஞ்சி அடியில் தேக்கி வைக்கிறது. கரையோர ஊர்கள் ஆற்றுக்குள் கிணறு இறக்கிக் குடிநீர் எடுக்கின்றன. மணலை அள்ளிவிட்டால் கிணறுகள் வற்றுகின்றன."

பாலாறு வறண்ட ஆறு என்று எழுதிய பிள்ளைகள்தான் அதிகம். இரண்டாம் வரியில் 'தான்' வேறு இருக்கிறதே என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு "ஆனால்" வந்து அந்த வரியைத் திருப்பிப் போட்டுவிட்டது. மணல்தான் ஆற்றின் நீரைக் காக்கிறது என்பது மையம். நந்தி மலை எதற்கும் முட்டுக் கொடுக்கவில்லை, அறிமுகம், அவ்வளவே. பத்தியில் இருக்கும் எல்லா வரியும் துணைக் கருத்தாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. முதல் பத்தியில் கில்லஸ்பி வந்த வரியும் அப்படித்தான்: காரணத்தைச் சொல்லும் பத்தியில் அது முடிவைச் சொல்லிவிட்டு நிற்கிறது.

குரூப் 4-க்குப் படிக்கும் அண்ணன், அக்காமார் வேறு ஒரு பள்ளத்தில் விழுகிறார்கள். நான்கு விடைகளில் பத்தியின் சொற்களை அப்படியே வைத்திருப்பதைக் கண்டதும் வட்டத்தைக் கறுப்பாக்கிவிடுகிறார்கள். சரியான விடை பல நேரம் வேறு சொற்களில் இருக்கும். விடைகளைப் பார்க்கும் முன்பே உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். அரை நிமிடம் கூட ஆகாது.

கதையாக வரும் பத்திகள்தான் கடினம், ஏனென்றால் மையக்கருத்து எந்த வரியிலும் எழுதப்பட்டிருக்காது. ஐடா ஸ்கடர் பற்றிய பத்தி ஒன்றை அடிக்கடி கொடுப்பேன். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவர்மார் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவியைப் பார்க்க வரும்படி இளம்பெண் ஐடாவைக் கெஞ்சுகிறார்கள். அவர் டாக்டர் இல்லை, அப்பாதான் டாக்டர். ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போகிறார்கள். காலையில் மூன்று பெண்களும் இறந்த செய்தி வருகிறது. ஐடா அமெரிக்காவில் மருத்துவம் படித்துத் திரும்பி வந்து 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு சிகிச்சை தொடங்குகிறார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்குகிறார்.

"மூணு பேர் செத்துட்டாங்க" என்று எழுதுவார்கள். அல்லது 1918 என்று எழுதுவார்கள். இதில் எந்த வரியைக் கோடிட்டாலும் பாதிதான் கிடைக்கும். இரவையும் 1900-ஐயும் 1918-ஐயும் சேர்த்துக் கட்டும் ஒரு வாக்கியத்தை நாமே செய்ய வேண்டும். விடைத்தாளோடு வந்த அந்தப் பெண் நேற்று நோட்டில் எழுதிக் காட்டியது: "ஒரு ராத்திரி நடந்த சாவுகள் ஐடாவை டாக்டராக்கின, இங்கே பெண்களையும் டாக்டராக்க வைத்தன." "பெண்களையும்" என்பதன் உம்மைக்கு அடியில் அவளே கோடு போட்டிருந்தாள்.