வெளிநாட்டில் வாழ்வோர் பிற நாட்டுக் கால்பந்து லீக்குகளைச் சட்டப்படி நேரலையில் பார்க்கும் வழி

வேறொரு நாட்டுக்குக் குடிபெயர்ந்த கால்பந்து ரசிகர்கள் பலர், முன்பு இருந்த நாட்டில் பழகிய செயலியைத்தான் முதலில் திறந்து பார்க்கிறார்கள். ‘இந்த நிகழ்ச்சி உங்கள் பகுதியில் கிடைக்காது’ என்ற அறிவிப்பு வந்ததும் குறுக்குவழிகளைத் தேடத் தொடங்குகிறார்கள். அந்த அறிவிப்பு வருவதற்குக் காரணம் எளிது. ஒளிபரப்பு உரிமை பார்வையாளரின் குடியுரிமையையோ, அவர் சந்தா கட்டிய இடத்தையோ பார்த்து விற்கப்படுவதில்லை. ஆட்டம் எந்த நாட்டின் எல்லைக்குள் பார்க்கப்படுகிறது என்பதை வைத்தே விற்கப்படுகிறது. ஆகவே தேடலைச் செயலியிலிருந்து அல்லாமல் லீக்கிலிருந்து தொடங்க வேண்டும்: நான் இப்போது வசிக்கும் நாட்டில், இந்தப் பருவத்துக்கு, இந்த லீக்கின் உரிமையை வாங்கியிருப்பவர் யார்? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் பெரும்பாலான குழப்பங்கள் தீர்ந்துவிடும்.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் அதன் உரிமை 2028 வரை என்பிசி குழுமத்திடம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2025-26 பருவம் முதல் அது ஆப்டஸ் ஸ்போர்ட்டிடமிருந்து ஸ்டான் ஸ்போர்ட்டுக்கு மாறிவிட்டது. மத்தியக் கிழக்கிலும் வட ஆப்பிரிக்காவிலும் பீஇன் ஸ்போர்ட்ஸ் காட்டுகிறது. உரிமைகள் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு பருவங்களுக்கு ஒருமுறை ஏலத்துக்கு வருவதால், நண்பர் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் சொன்ன பெயரை நம்பி ஆண்டுச் சந்தா கட்டிவிடக் கூடாது. பெரும்பாலான முன்னணி லீக்குகள் தம் அதிகாரபூர்வ இணையதளத்தில் நாடுவாரியாக ஒளிபரப்பாளர் பட்டியலை வெளியிடுகின்றன. அங்கே தொடங்கி, அதில் உள்ள பெயரை அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இன்னொரு முறை சரிபார்ப்பதே நம்பகமான முறை.

உரிமையாளரைக் கண்டுபிடித்த பிறகும் அவசரப்பட வேண்டாம். ‘பிரீமியர் லீக் இங்கே’ என்று விளம்பரப்படுத்தும் ஒரு சேவையில் எல்லா ஆட்டங்களும் வரும் என்று பொருளில்லை. அமெரிக்காவில் பருவத்தின் 380 ஆட்டங்களையும் சட்டப்படி பார்க்க முடியும். ஆனால் யுஎஸ்ஏ நெட்வொர்க் அலைவரிசைக்கு ஒதுக்கப்படும் ஆட்டங்கள் பொதுவாக என்பிசியின் பீகாக் செயலியில் நேரலையாக வருவதில்லை. அவற்றுக்குக் கேபிள் இணைப்போ, அலைவரிசைகளை இணையம் வழியாகத் தொகுத்துத் தரும் சேவையோ தேவைப்படும். மேலும், லீக்கும் கோப்பைப் போட்டிகளும் தனித்தனியாக விற்கப்படுகின்றன. ஒரே அணி விளையாடும் லீக், எஃப்ஏ கோப்பை, சாம்பியன்ஸ் லீக் ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு நிறுவனங்களிடம் இருக்கலாம். நீங்கள் ஒரு லீக்கைப் பின்தொடர்கிறீர்களா, ஓர் அணியைப் பின்தொடர்கிறீர்களா என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொண்டால், எத்தனை சந்தாக்கள் உண்மையில் தேவை என்பது தெரிந்துவிடும். எல்லாவற்றையும் வாங்குவதைவிட, தவறவே விடக்கூடாத ஒரு போட்டிக்கு முழுச் சந்தாவும் மற்றவற்றுக்கு அதிகாரபூர்வச் சிறப்புக் காட்சிகளும் என்று வகுத்துக்கொள்வதே பலருக்கும் பொருந்தும் என்பது என் கருத்து.

இங்கிலாந்திலேயே குடியேறியவர்களுக்கு இதில் வியப்பூட்டும் ஒரு செய்தி உண்டு. அந்த நாட்டின் லீக்கை முழுமையாகப் பார்க்க முடியாத இடம் அந்த நாடுதான். 2025-26 முதல் நடப்பில் உள்ள ஒப்பந்தத்தின்படி ஸ்கை ஸ்போர்ட்ஸ் குறைந்தது 215 ஆட்டங்களையும், டிஎன்டி ஸ்போர்ட்ஸ் 52 ஆட்டங்களையும் காட்டுகின்றன; மீதமுள்ளவை அங்கே நேரலையாக வருவதில்லை. ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஈஎஃப்ஏவின் விதிகளின் 48ஆம் பிரிவின் கீழ், சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் நேரலையாக ஒளிபரப்பக் கூடாது என்ற தடை அங்கு கடைப்பிடிக்கப்படுகிறது. சிறிய அணிகளின் அரங்குகளுக்கு ரசிகர்கள் நேரில் வருவது குறைந்துவிடக் கூடாது என்பதே 1960களில் வேர்விட்ட இந்த ஏற்பாட்டின் நோக்கம். ஸ்பெயின், ஜெர்மனி லீக்குகளின் ஆட்டங்களையும் இந்தத் தடை பாதிக்கும் என்பதால், அந்த நேரத்து லா லிகா (ஸ்பெயின் லீக்) ஆட்டம் உங்கள் செயலியில் தெரியாவிட்டால் அதைச் சந்தாவின் கோளாறு என்று நினைக்க வேண்டாம். இன்னொன்று: அந்த நாட்டில் நேரலைத் தொலைக்காட்சியை இணையம் வழியாகப் பார்ப்பதற்கும் தொலைக்காட்சி உரிமம் தேவை. கைப்பேசியில் மட்டுமே பார்க்கிறோம் என்பது விலக்குக்குக் காரணமாகாது.

குடியேறியவர்கள், குறுகிய காலப் பயணத்தில் இருப்பவர்கள் ஆகிய இரு சாராருக்கும் சட்டம் வேறுபடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிமுறையின்படி, ஓர் உறுப்பு நாட்டில் கட்டணச் சந்தா வைத்திருப்பவர் இன்னோர் உறுப்பு நாட்டுக்குத் தற்காலிகமாகச் செல்லும்போது, அதே சேவையைக் கூடுதல் கட்டணமின்றி அங்கும் பார்க்கலாம். ஜெர்மனியில் வாழ்பவர் விடுமுறைக்கு இத்தாலி போனால் தம் சந்தாவைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். இத்தாலியிலேயே குடியேறிவிட்டால் அந்த உரிமை தொடராது. சேவை நிறுவனங்கள் சந்தாதாரர் எந்த நாட்டில் வசிக்கிறார் என்பதைச் சரிபார்த்தாக வேண்டும். இலவசச் சேவைகளுக்கு இந்த விதி கட்டாயமில்லை. ஒன்றியத்தை விட்டு வெளியேறிய ஐக்கிய இராச்சியத்துக்கு 2021 ஜனவரி 1 முதல் இது பொருந்துவதும் இல்லை.

இந்த இடத்தில் போர்ட்ஸ்மவுத் நகரில் மதுக்கூடம் நடத்திய காரென் மர்ஃபியின் வழக்கைச் சிலர் மேற்கோள் காட்டுவார்கள். கட்டண அலைவரிசைகளைத் திறக்கும் கிரேக்க நாட்டு டிகோடர் அட்டை மூலம் பிரீமியர் லீக் ஆட்டங்களைக் காட்டிய அவர் மீதான வழக்கில், வெளிநாட்டு அட்டைகளின் இறக்குமதிக்கும் பயன்பாட்டுக்கும் விதிக்கப்பட்ட தடை ஒன்றியத்தின் தடையற்ற சேவைக் கொள்கைக்கு முரணானது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2011 அக்டோபரில் தீர்ப்பளித்தது. முக்கியமான தீர்ப்புதான், ஆனால் எந்த நாட்டுச் செயலியையும் எங்கிருந்தும் திறக்கும் உரிமையை அது இன்றைய சந்தாதாரருக்குத் தந்துவிடவில்லை. இருப்பிடம் பார்த்து அணுகலைத் தடுப்பதற்கு எதிராக 2018இல் ஒன்றியம் இயற்றிய விதிமுறையிலும், ஒலி-ஒளிச் சேவைகள் விலக்கி வைக்கப்பட்டன.

இணைய இணைப்பு வேறொரு நாட்டிலிருந்து வருவதுபோலக் காட்டக்கூடிய விபிஎன் பற்றிய கேள்வியும் இதிலிருந்தே எழுகிறது. பல நாடுகளில் விபிஎன் பயன்படுத்துவது குற்றமல்ல. பொது வைஃபையில் பாதுகாப்புக்காக அதை வைத்திருப்பது நல்ல பழக்கமே. ஆனால் நாட்டை மறைத்து ஆட்டம் பார்ப்பது, ஏறக்குறைய எல்லா ஸ்ட்ரீமிங் சேவைகளின் ஒப்பந்த நிபந்தனைகளையும் மீறுவதாகும். கணக்கு முடக்கப்பட்டால் செலுத்திய பணத்தைக் கேட்டுப் பெறுவதற்கு வலுவான காரணம் உங்களிடம் இருக்காது. ஐக்கிய அரபு அமீரகத்தில் நிலைமை இன்னும் கடுமையானது. அங்குள்ள 2021ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டம், குற்றம் புரிவதற்கோ அதைக் கண்டுபிடிக்க முடியாமல் செய்வதற்கோ ஐபி முகவரியை (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை) மாற்றிக் காட்டினால் சிறைத்தண்டனையோ, 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. தங்கியிருக்கும் அனுமதியே வேலையைச் சார்ந்திருக்கும் ஒருவர் 90 நிமிட ஆட்டத்துக்காக இந்த அபாயத்தை ஏற்கவே கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆயிரக்கணக்கான அலைவரிசைகளை ஒரே தொகைக்குத் தருவதாகச் சொல்லும் ஐபிடிவி (இணையம் வழித் தொலைக்காட்சி) விற்பனையாளர்களை அடையாளம் காண்பது கடினமல்ல. ஒன்றுக்கொன்று போட்டியாக இருக்கும் ஒளிபரப்பு நிறுவனங்கள் பலவற்றின் உரிமைகள் ஒரே பட்டியலில் இருக்கும், விற்பவரின் பதிவு முகவரி எங்கும் இருக்காது, பணம் தனிநபர் கணக்குக்கோ கிரிப்டோ நாணயமாகவோ கேட்கப்படும். இவை மூன்றும் சேர்ந்திருந்தால் விலகிவிட வேண்டும். பிரீமியர் லீக் தொடுத்த வழக்கில், ஃப்ளாலெஸ் என்ற ஐபிடிவி அமைப்பை நடத்திய ஐந்து பேருக்கு 2023 மே மாதத்தில் மொத்தம் 30 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. வாங்குபவருக்கு அவ்வளவு பெரிய தண்டனை வருவது அரிது என்றாலும், அவருடைய அட்டை விவரங்களும் சாதனமும் யார் கையில் இருக்கின்றன என்பது அவருக்கே தெரியாது.

சட்டப்படியான சேவையைத் தேர்ந்தெடுத்த பின்னரும், பணம் செலுத்தும் கட்டத்தில் பலர் தடுமாறுகிறார்கள். உள்ளூர் சேவைகள் சில, அந்த நாட்டில் வழங்கப்பட்ட வங்கி அட்டையையே ஏற்கின்றன. கைப்பேசியின் செயலிக் கடை பழைய நாட்டிலேயே பதிவாகியிருந்தால் புதிய நாட்டின் செயலி தேடலில் கூடத் தென்படாது. ஆப்பிள் கணக்கின் நாட்டை மாற்ற, அதிலுள்ள மீதித் தொகையைச் செலவழித்து, நடப்பிலுள்ள சந்தாக்களை முடித்திருக்க வேண்டும். கூகுள் பிளேயில் ஆண்டுக்கு ஒருமுறைதான் நாட்டை மாற்ற முடியும். எனவே பருவம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

நீங்கள் வாழும் நாட்டில் ஒரு லீக்கின் உரிமையை யாருமே வாங்கவில்லை என்றாலும் வழி முற்றிலும் அடைபட்டுவிடாது. அமெரிக்காவின் எம்எல்எஸ் லீக் 2023 முதல் ஆப்பிள் டிவி ஊடாக ஒரே ஒப்பந்தத்தின் கீழ் 100க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பகுதிகளிலும் கிடைக்கிறது. சில கழகங்கள் வெளிநாட்டு ரசிகர்களுக்கென்றே சொந்தச் சந்தா சேவை நடத்துகின்றன. ஸ்காட்லாந்தின் செல்டிக் கழகத்தின் செல்டிக் டிவி அத்தகையது. லீக்குகளின் அதிகாரபூர்வ யூடியூப் பக்கங்களில் சிறப்புக் காட்சிகளும், பல கழகங்களின் தளங்களில் நேரடி ஒலி வர்ணனையும் கிடைக்கின்றன.

ஆண்டுச் சந்தாவா, மாதச் சந்தாவா என்பதை உங்கள் ஆட்ட அட்டவணையை வைத்து முடிவு செய்யுங்கள். ஐரோப்பிய லீக்குகள் பெரும்பாலும் ஆகஸ்டில் தொடங்கி மே மாதத்தில் முடிவதால், மாதச் சந்தாவைக் கோடையில் நிறுத்திவைக்கலாம். தானாகப் புதுப்பிக்கப்படும் வசதியைச் சந்தா வாங்கிய அன்றே அணைத்துவிடுவது நல்லது. வட அமெரிக்காவில் இருப்பவர்கள் கடிகார மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். அங்கே கோடைக்கால நேரம் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு தொடங்குகிறது, ஐரோப்பாவிலோ கடைசி ஞாயிறுதான். இடைப்பட்ட இரண்டு அல்லது மூன்று வாரங்களில் ஆட்டங்கள் உள்ளூர் நேரப்படி வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கும். இலையுதிர் காலத்தில் ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறும் அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தைத் திருப்புவதால், அந்த ஒரு வாரமும் இதே மாற்றம் நிகழும்.